எட்டு டம்ளரும் ஒரு பச்சை ரிப்பனும்

ஆம்பூரில் பிரியாணியை மென்று சாப்பிட்ட ஒரே மனிதர் எட்டு டம்ளர்தான். மற்ற எல்லோரும் விழுங்கியவர்கள், நான் உட்பட.

ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பாய் கடைக்கு வந்து அரை பிளேட் சொல்லி உட்காருவார். உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரம். இடத்துக்காகப் பின்னால் நிற்கும் ஜனம் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருக்கும். சிலர் கூடவே எண்ணுவார்கள். இருபத்தெட்டில் விழுங்கிவிட்டால் "சார், இன்னும் நாலு" என்று பின்னாலிருந்து குரல் வரும். பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் அவருக்கென்றே ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டார்.

"சார், உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க ஒரு பிளேட்டு முடிக்கறதுக்குள்ள நான் ஒரு தேக்சா பிரியாணிய வித்து முடிக்கறேன். பேஜாரா கீது."

"ஆறு மாசம் பழகுனா நீங்களும் மெல்லுவீங்க பாய்."

"மெல்றேன் சார். மொதல்ல யாவாரம் பண்ணிக்கறேன்."

எண்பதுகளின் தொடக்கம் அது. வட்டார இளைஞர் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. இளைஞர்களுக்குத் தலைமைப் பண்பும் ஆரோக்கிய வாழ்வும் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம் என்று போர்டில் எழுதியிருந்தது. அந்தப் போர்டைத் தானே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, தானே ஆணி அடித்து மாட்டியவர்தான் நம் ஆள். திமிரிப் பக்கம் விவசாயக் குடும்பம். முப்பத்தைந்து வயது, கொக்கு உயரம், ஒல்லி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் சைக்கிள் ஹேண்டில்பாரில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, எதிரில் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி "இன்னிக்கு எத்தினி?" என்று கேட்கிற மனிதருக்கு அந்தப் பெயர் எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் மனிதனுக்கு நோயே வராது என்பது அவர் வேதம். பத்தே நாளில் அவர் எட்டு டம்ளர் ஆகிவிட்டார். அவரைத் தூரத்தில் பார்த்ததும் சந்துக்குள் திரும்பி ஓடியவர்களில் ஒரு மாஜி கிராம முன்சீப்பும் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் அவருக்கு இருந்த நாக்கு வேறு யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை. தோல் பதனிடும் ஷாப்புகள் நிறைந்த ஊரில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீரின் ருசி மாறும். ஒரு வாய் குடித்ததும் "இது ஸ்டேஷன் குழாய், இது பள்ளிவாசல் பின்பக்கத்துக் கெணறு" என்று சொல்லிவிடுவார். ஒருநாள் அவரைச் சோதிக்க என் சிநேகிதன் பாபு ஒரு செம்பில் எதையோ கொண்டுவந்து நீட்டினான். எட்டு டம்ளர் ஒரு மடக்கு குடித்தார், கண்ணை மூடினார், திறந்தார்.

"பாய் கடைத் தண்ணி. செம்பச் சரியாக் கழுவல. நேத்து வெங்காயப் பச்சடி இருந்திருக்கு."

அன்றிலிருந்து பாபு அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. பிரியாணி சாப்பிட்டுக் கண்ணைச் சொக்கும் ஊரை மூன்று மணிக்கு மூச்சுப் பயிற்சிக்குக் கூப்பிட ஒரு தைரியம் வேண்டும். அதைவிடப் பெரிய தைரியம் அவர் பிடித்த இடம். வாடகை கம்மி என்று ஒரு பழைய தோல் மண்டியைப் பிடித்திருந்தார். மண்டி காலியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாசனை மட்டும் காலி செய்யவில்லை.

"கண்ண மூடிக்கங்க. நல்ல காத்த மெதுவா உள்ள இழுங்க. இழுங்க... ஏன் யாருமே இழுக்கல?"

இருபத்தைந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவரைப் பார்ப்போம். அவர் மட்டும் ரோஜாத் தோட்டத்தில் நிற்பவர் மாதிரி மார்பு விரிய இழுப்பார்.

ஆரோக்கியம் இப்படி என்றால் தலைமைப் பண்பு இன்னும் விசேஷம். தலைவன் என்று தனியாக யாரும் பிறப்பதில்லை, முறை வைத்து வருவது என்பார். காலியான ஷூ டப்பா ஒன்றில் எங்கள் எல்லோர் பெயரையும் சீட்டெழுதிப் போட்டிருந்தார். வாரம் ஒரு சீட்டு எடுப்பார். பெயர் வந்தவர் கையில் பச்சை ரிப்பன் கட்டுவார். அடுத்த ரிப்பன் கட்டும்வரை அவர்தான் தலைவர். அவர் சொல்வதை எல்லோரும் கேட்க வேண்டும், எட்டு டம்ளரும்தான்.

முதல் சீட்டு பாபுவுக்கு வந்தது. ரிப்பன் கட்டியதும் பாபு கொட்டாவி விட்டபடி முதல் உத்தரவைப் போட்டான். "எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

எட்டு டம்ளர் சட்டென்று அட்டென்ஷனில் நின்றார். "சரிங்க தலைவரே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு நாங்கள் போனால் மண்டி பூட்டிக் கிடக்கிறது. காய்ச்சலோ என்னவோ என்று அவர் அறைக்கு ஓடினோம். மனிதர் பாயில் உட்கார்ந்து அவல் மென்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார், வகுப்பு இல்லியா?"

"தலைவர் போகச் சொன்னாரு. வரச் சொல்லலையே."

பிறகு பாபுவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினோம். அவன் தன் வாயால் "வாங்க சார்" என்று சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டினார். இதை இங்கே விலாவாரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. என் மேஜையில் ஒரு மணி, ஒரு நோட்டு, ஒரு சாவி. அந்தச் சாவி பெண்கள் கழிப்பறையின் சாவி. பத்திரிகை நாகரிகத்துக்காகக் கழிப்பறை என்கிறேன், கம்பெனியில் அதற்குச் சொல்லும் வார்த்தை உங்களுக்கே தெரியும். மெஷினில் ஷூவின் மேல்தோலைத் தைக்கும் பெண்கள் முப்பத்தாறு பேர். காலை பதினொன்றுக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்றுக்கு ஒரு தடவை நான் போய்ப் பூட்டைத் திறக்க வேண்டும். நடுவில் யாராவது போக வேண்டுமானால் மேனேஜரிடம் சிட்டு எழுதி வாங்க வேண்டும். மாதத்தில் மூன்று சிட்டுக்கு மேல் போனால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அதனால் அந்தப் பெண்கள் சிட்டும் வாங்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. இதில் எதுவும் எனக்குத் தப்பாகப் படவில்லை. சாவி வைத்திருக்கும் உத்தியோகம் என்று கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்த முப்பத்தாறு பேரில் ஒருத்தி ரோஸ்லின். மாதனூர்ப் பெண், இருபது வயது, குனிந்த தலை நிமிராமல் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, இரண்டு தோழிகளோடு டவுன் பஸ் பிடித்து எங்கள் வகுப்புக்கும் வருவாள். ஒவ்வொரு வாரமும் எட்டு டம்ளர் எல்லோரையும் வரிசையாக எழுப்பிக் கணக்குக் கேட்பார். நாங்கள் கூசாமல் எட்டு, ஒன்பது என்று அளப்போம். பாபு ஒருமுறை பதினாறு என்றான். ரோஸ்லின் மட்டும் எழுந்து, "ரெண்டு சார்" என்பாள்.

"ரெண்டா? கோழி இத விட ஜாஸ்தி குடிக்குமேம்மா!"

எல்லோரும் சிரிப்போம். சுவரில் 'வறண்ட நிலம்' என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். அதில் வாரா வாரம் அவள் பெயர் ஒன்றுதான். ஏன் இரண்டு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. காரணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை ரோஸ்லின் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை எட்டு டம்ளரும் நானும் பார்க்கப் போனோம். அவர் ஒரு மண்பானை நிறையத் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நர்சம்மா, சிறுநீரகத்தில் புண் என்றும், நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், இப்படியே விட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்றும் சொன்னார். எட்டு டம்ளருக்கு வெற்றிக் களிப்பு தாங்கவில்லை.

"நான் இன்னா சொன்னேன்? தலப்பாடா அடிச்சிக்கினனே! ரெண்டு டம்ளர்ல ஒரு மனுஷி பொழைக்க முடியுமா?"

ரோஸ்லின் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"குடிச்சா போவணும் சார். போவறதுக்குச் சாவி வேணும். சாவி இந்த அண்ணன் மேஜையில கீது."

எட்டு டம்ளர் மெதுவாகப் பானையைத் தரையில் வைத்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் கணக்குச் சுலபமானது. நர்சம்மா சொன்னபடி குடித்தால் ஒரு வாரத்தில் நாலு சிட்டு ஆகி வேலை போகும். வேலையைக் காப்பாற்றினால் கிட்னி போகும்.

வெளியே வந்து அவர் சைக்கிளில் ஏறவே இல்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். மண்டிக்குப் போய் அந்த 'வறண்ட நிலம்' பட்டியலைக் கிழித்தார். "குடி குடின்னேன். குடிச்சது எங்க போவும்னு ஒரு நாள் யோசிச்சனா? நான் ஒரு முட்டாள் தம்பி" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே மேனேஜரைப் பார்க்க வந்தார். மேனேஜர் நாற்காலி கொடுத்து, காபியும் வரவழைத்தார். எட்டு டம்ளர் காபியைத் தள்ளி வைத்துவிட்டு, மேஜை மேல் இருந்த ஏற்றுமதிக் கடிதம் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு கிட்னி படம் வரைந்து முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். முடிவில் மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. "சிப்மெண்ட் லேட்டானா உங்க திட்டம் பதில் சொல்லுமா சார்?" வாட்ச்மேன் அவரைக் கேட் வரை கொண்டுபோய் விட்டான். வரைந்த படத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் அது எந்தக் கடிதம் என்று மேனேஜருக்குத் தெரிந்தது. அவர் போட்ட சத்தம் கட்டிங் செக்ஷன் வரை கேட்டது.

மறுநாள் ஞாயிறு. வகுப்பே துக்க வீடு மாதிரி இருந்தது. அன்று காலைதான் டிஸ்சார்ஜ் ஆன ரோஸ்லின், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். எட்டு டம்ளர் ஷூ டப்பாவில் கைவிட்டுச் சீட்டு எடுத்தார். என் பெயர் வந்தது.

என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் காகிதம் என்னை அப்படி நடுங்க வைத்ததில்லை. தலைவன் என்றால் எதையாவது செய்ய வேண்டும். எதையாவது செய்தால் என் வேலை போகும்.

"எனக்கு உடம்பு சரியில்ல சார்" என்றேன்.

சொல்லக் கூடாத ஆளிடம் சொல்லிவிட்டேன். இரண்டே எட்டில் வந்து நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு இருபத்தைந்து பேர் முன்னால், நல்ல எண்ணத்தோடு அறிவித்தார்: "பயப்படாத தம்பி. உனக்கு ஒரு வியாதியும் இல்ல. குதிரை மாதிரி கீற."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை.

மூலையிலிருந்து ரோஸ்லின் எழுந்து வந்தாள். "அண்ணன உட்ருங்க சார். எனக்குக் கட்டுங்க."

எட்டு டம்ளர் தன் சட்டப் புத்தகத்தை எடுத்தார். அவரே எழுதிய நாற்பத்தோரு விதிகள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விரலை ஓட்டினார். ஒருவர் ரிப்பனை இன்னொருவர் கேட்டு வாங்கலாமா என்பதற்கு விதியே இல்லை. பேனாவை எடுத்து நாற்பத்திரண்டு என்று எண் போட்டு, 'கேட்டால் கொடுக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவள் கையில் ரிப்பனைக் கட்டி அட்டென்ஷனில் நின்றார்.

"உத்தரவு சொல்லுங்க தலைவரே."

"வியாழக்கெழம காலையில ஏழு மணிக்கு மாதனூர்ல கம்பெனி பஸ் நிக்கற எடத்துக்கு நல்ல தண்ணி கொண்டாங்க சார். ஜாஸ்தி வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க அன்னிக்கு லீவு போடக் கூடாது. சாவி உங்க கையில இருக்கணும். அவ்ளோதான்."

வியாழக்கிழமை சிப்மெண்ட் நாள், ஏற்றுமதிச் சரக்கு அன்றைக்குப் போயே ஆக வேண்டும். மாதனூரில் நடந்ததைப் பின்னால் ரோஸ்லின் சொல்லித்தான் தெரியும். எட்டு டம்ளர் வாடகை வண்டியில் நாலு பானைத் தண்ணீரோடு ஆறு மணிக்கே ஆஜர். பஸ்ஸுக்கு நின்ற இருபது பெண்களையும் வரிசையில் நிறுத்தி ஊற்ற ஆரம்பித்தார். ஆனால் பழக்கம் விடுமா?

"மடக்கு மடக்காக் குடிக்கணும். ஒவ்வொரு மடக்கையும் வாயில வெச்சி..."

"சார்," என்றாள் ரோஸ்லின். "இந்த வாரம் தலைவர் நான். வாய மூடிக்கினு ஊத்துங்க."

"சரிங்க தலைவரே" என்று ஊற்றினார். ஆளுக்கு நாலு டம்ளர். ஆம்பூர்ப் பெண்கள் பதினாறு பேரும் அவரவர் வீட்டில் குடித்துவிட்டு வருவதாகப் பேச்சு. மாதனூரிலிருந்து வரும் ரோட்டில் அந்த வருஷம் இருந்த பள்ளங்களையும் நீங்கள் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டரைக்கு மணி அடித்தேன். மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்பது. ஒன்பதேகால். முப்பத்தாறு மெஷின் ஓடும் சத்தத்துக்குப் பழகிய காது என்னுடையது. ஒன்பதரைக்கு அந்தச் சத்தம் ஒரேயடியாக நின்றது.

எட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு பெண்களும் எழுந்து ஒரே வரிசையில் டைம் ஆபீசை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். எட்டு டம்ளர் சொல்லிக்கொடுத்தபடி ஆளுக்கு ஆள் ஒரு கை இடைவெளி. முன்னால் ரோஸ்லின், கையில் பச்சை ரிப்பன்.

மேனேஜர் மாடியிலிருந்து ஓடி வந்தார். "இன்னா இது? ஸ்டிரைக்கா?"

"இல்ல சார்," என்றாள் ரோஸ்லின். "அவசரம்."

"அவசரம்னா? எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான் சார். சிட்டு எழுதிக் குடுங்க."

அவர் கோபத்தில் நிஜமாகவே என் மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சிட்டில் பெயர், தகப்பன் பெயர், டோக்கன் நம்பர், காரணம் என்று நாலு இடம் நிரப்ப வேண்டும். அவரே போட்ட ஃபாரம்தான். முதல் சிட்டில் காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்தார். வரிசையில் கால் மாற்றி நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வயதான அம்மா, "சார், உங்க கையெழுத்து அழகாத்தான் கீது, கொஞ்சம் சீக்கிரம்" என்றார். ஏழாவது சிட்டில் மேனேஜருக்கு வியர்த்தது.

ரோஸ்லின் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. எட்டு நாள் முன்னால் மெஷின் மேல் சாய்ந்தபோது பார்த்த அதே வெளுப்பு.

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "எங்கய்யா போற?" என்ற மேனேஜரின் குரல் முதுகில் அடித்தது. நேரே போய்ப் பூட்டைத் திறந்து ஓரமாக நின்றேன். வரிசை கலையாமல் உள்ளே போனார்கள். பக்கத்தில் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. சாவி அதில் விழுந்துவிட்டது. கை தவறி விழுந்தது என்றுதான் மேனேஜரிடம் சொன்னேன். எட்டு டம்ளரிடமும் அதையே சொன்னேன். உங்களிடம் மட்டும் மாற்றிச் சொல்வானேன்?

மத்தியானம் மேனேஜர் புதுப் பூட்டு வாங்கி வர ஆள் அனுப்பப் போனார். ரோஸ்லின் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள்: "வாங்குங்க சார். நாளைக்கும் தண்ணி குடிச்சிட்டுத்தான் வருவோம்." பூட்டு வாங்கவில்லை. சிப்மெண்ட் போக வேண்டுமே. என்னை வேலையை விட்டு நிறுத்தாததற்கும் அதுதான் காரணம், என்னை விட்டால் பாக்கிங் லிஸ்ட் எழுத அன்றைக்கு வேறு ஆள் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கதவில் நான் பூட்டைப் பார்த்ததில்லை. ரோஸ்லினுக்கும் உடம்பு தேறியது. பின்னால் வேறொரு கம்பெனியில் சூபர்வைசர் ஆனாள். இப்போது எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தாலும் வணக்கத்துக்கு முன்னால் "எத்தினிண்ணா?" என்றுதான் கேட்கிறாள்.

கோபம் எங்காவது இறங்க வேண்டுமல்லவா, அது எட்டு டம்ளர் மேல் இறங்கியது. தொழிலாளர்களுக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் கொடுத்து உற்பத்தியைக் கெடுத்தார் என்று திட்ட அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. தண்ணீர் கொடுத்ததற்காக மாற்றல் வாங்கிய ஊழியர் தேசத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. தெற்கே கடலோரம் ஏதோ ஒரு ஊர். ஒரே மாதத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று.

வழியனுப்ப ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். பாய் பெரிய பொட்டலம் ஒன்று கொடுத்தார். "ரயில்ல யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க சார். நல்லா மெல்லுங்க." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வண்டி வந்து நின்றது. ஆம்பூரில் அது அதிக நேரம் நிற்காது. எட்டு டம்ளர் அவசரமே இல்லாமல் பையைத் திறந்து பச்சை ரிப்பனை எடுத்தார். என் கையைப் பிடித்துக் கட்டினார்.

"உன் வாரம் ஒண்ணு பாக்கி கீது தம்பி. பூட்டத் தொறந்தவனுக்கு ரிப்பன் இல்லாமப் போனா விதி தப்பு."

பிளாட்பாரத்தில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், அந்தக் கொக்கு உயரமும் என் முன்னால் அட்டென்ஷனில் நின்றது. "உத்தரவு சொல்லுங்க தலைவரே."

கார்டு விசில் ஊதிவிட்டான். வண்டி போய்விடுமே என்ற பதற்றத்தில், "சீக்கிரம் ஏறிப் போங்க சார்" என்றேன்.

"சரிங்க தலைவரே" என்று ஏறிக்கொண்டார். வண்டி வளைவில் மறையும்வரை ஜன்னலில் அந்த டம்ளர் ஆடியது தெரிந்தது.

அதன் பிறகு அவர் ஆம்பூர்ப் பக்கம் வரவே இல்லை. மறந்துவிட்டார் என்று பாபு சொல்வான். பாவம், அவனே மறந்துவிட்டான். எனக்குக் காரணம் தெரியும். அந்த ரிப்பன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போகச் சொன்ன நான், அவரை வரச் சொல்ல மறந்துவிட்டேன்.